ஓண வாரத்தில் திருவனந்தபுரம்: வண்டியை எந்தப் பக்கம் விடுவது?

தக்கலை_ரெண்டுவண்டி எழுதியது:

இந்த வருஷம் (2026) திருவோணம் ஆகஸ்ட் 26, புதன்கிழமை. எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் உள்ளூர் விடுமுறை வரும். ரெண்டு கார், ஒன்பது பேர், அதில் ஒரு பெரியவருக்கு வீல்சேர். பார்க்க நினைப்பது மூணு: கவடியார் முதல் கிழக்கே கோட்டை வரை விளக்கு அலங்காரம், கனகக்குன்னு அரண்மனை வளாக நிகழ்ச்சிகள், அரசு ஓண வாரத்தின் கடைசி நாள் ஊர்வலம். வண்டியை எங்கே விடலாம்? கனகக்குன்னுக்குப் பக்கத்திலேயே இடம் உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

---

ஒற்றைத்தண்டவாளம் எழுதியது:

அண்ணாச்சி, ஒரே பதில்தான். காரைக் குழித்துறை ஸ்டேஷனிலோ பாறசாலையிலோ விட்டுட்டு ரயில் ஏறுங்க. தம்பானூரில் (திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன்) இறங்கினால் எம்.ஜி. ரோடு ஐந்து நிமிட நடை. பார்க்கிங் தேடி அலையும் நேரத்துக்குப் பாதி ஊரைப் பார்த்துடலாம்.

---

கிள்ளிப்பாலம் எழுதியது:

ரயில் நல்ல யோசனைதான். ஆனா வீல்சேரும் ஒன்பது பேரும் ஓண வாரப் பாசஞ்சரில் எப்படி ஏறுவாங்க? அதை அப்புறம் பார்ப்போம், முதலில் காருக்கு வழி சொல்றேன்.

கனகக்குன்னுக்குப் பக்கத்தில் இடம் உண்டா என்ற கேள்வியையே விட்டுடுங்க. பக்கத்தில் இடம் கிடைத்தவர்தான் ராத்திரி கடைசியில் வெளியே வருவார். முதலில் கேட்க வேண்டியது, திரும்பிப் போகும்போது எம்.ஜி. ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டி வருமா என்பது.

ஊரின் அமைப்பைப் பாருங்க. வெள்ளயம்பலம், மியூசியம், பாளையம், ஸ்டாச்சு, புளிமூடு, ஆயுர்வேதக் கல்லூரி, ஓவர்பிரிட்ஜ், பழவங்காடி, கிழக்கே கோட்டை. இதுதான் முதுகெலும்பு. விளக்கும் கூட்டமும் போலீஸ் தடுப்பும் எல்லாம் இதன் மேல்தான். இதற்குக் கிழக்கே தம்பானூர், தைக்காடு, வழுதக்காடு, ஜகதி, பூஜப்புரை, கரமனை. மேற்கே வஞ்சியூர், பேட்டை, சாக்கை, ஈஞ்சக்கல், பைபாஸ்.

களியக்காவிளையிலிருந்து பழைய ரோட்டில் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், பாப்பனம்கோடு வழியாக வந்தால் கரமனையில் நுழைவீங்க. அது கிழக்குப் பக்கம். வண்டியும் கிழக்குப் பக்கமே நிற்கணும். காரோடு என்ற ஊரில் புது பைபாஸ் ஏறி, கோவளம், திருவல்லம் வழி வந்தால் மேற்குப் பக்கம் வருவீங்க. அப்போ வண்டி மேற்கே. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வண்டி விட்டவன் கதி ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரியும்.

---

பூவார்_ரோடு எழுதியது:

கிள்ளிப்பாலம் சொல்வது சரி. பைபாஸ் பற்றி ஒரு சேர்ப்பு.

தக்கலைக்காரங்க பழைய ரோட்டில் வந்தால் மாட்டும் இடம் கரமனை இல்லை. அதற்கு வெகு முன்னாடி, வழிமுக்கு முதல் பாலராமபுரம் முக்கு வரை. அங்கே ரோடு ஒடுக்கம், விழிஞ்ஞம் ரோடும் காட்டாக்கடை ரோடும் குறுக்கே வெட்டும், கைத்தறிக் கடைகளில் ஓணக் கோடி எடுக்க வரும் கூட்டம் வேற. அதைத் தாண்டிட்டால் கொடிநடையிலிருந்து கரமனை வரை நாலு வழி, சிக்கல் இல்லை. ஆகவே நேரக் கணக்கைப் பாலராமபுரத்தை வைத்துப் போடுங்க. மாலை நாலு மணிக்கு முன்னால் அந்த முக்கைத் தாண்டியாச்சுன்னா நிம்மதி. ஐந்தரைக்கு அங்கே நின்றால் விளக்கு போட்ட பிறகுதான் ஊருக்குள் வருவீங்க.

காரோடு முதல் முக்கோலை வரை கான்கிரீட் ரோடு, தடை இல்லாத ஓட்டம். திருவல்லத்தில் டோல் உண்டு. பாஸ்டாகில் பணம் இருக்கான்னு வீட்டிலேயே பார்த்துக்கோங்க. வரிசையில் நின்று ரீசார்ஜ் பண்ணினால் பின்னால் நிற்கிறவன் சாபம் வரும்.

---

தக்கலை_ரெண்டுவண்டி எழுதியது:

அப்போ கிழக்குப் பக்கம்னு வைத்துக்கொள்வோம். கிழக்கே எந்த இடம்? எல்லாரும் புத்தரிக்கண்டம் மைதானம்னு சொல்றாங்களே?

---

சாலைக்கடை எழுதியது:

புத்தரிக்கண்டம் நல்ல இடம்தான், மூணு நிபந்தனையோட.

ஒண்ணு, ஓணத்துக்கு அந்த மைதானத்தில் சந்தை, கண்காட்சி, கலைநிகழ்ச்சி ஏதாவது நடக்கும். மைதானம் முழுக்க வண்டிக்குன்னு நினைத்து வரக்கூடாது.

ரெண்டு, உத்திராடத்தன்னைக்கு, அதாவது திருவோணத்துக்கு முந்தின நாள், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீங்க. உத்திராடப் பாய்ச்சல் என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. காயும் பூவும் துணியும் வாங்க ஊரே சாலைக் கம்போளம் என்ற பெரிய சந்தையில்தான் நிற்கும். பவர் ஹவுஸ் ரோடு, அட்டக்குளங்கரை, கிள்ளிப்பாலம் மூணும் ஒரே நேரத்தில் அடைக்கும். சரக்கு வண்டியே நகராது.

மூணு, கடைசி நாள் ஊர்வலம் முடியும் இடமே கிழக்கே கோட்டை. புத்தரிக்கண்டம் அதன் மடியில் இருக்கு. அன்னைக்கு அங்கே வண்டி விட்டால் ஊர்வலத்தின் கடைசி அலங்கார வண்டி கலைந்து, கூட்டம் கலைந்து, பஸ்கள் எல்லாம் போன பிறகுதான் உங்க முறை.

மற்ற நாள்களில் தென்பக்கத்திலிருந்து வருகிறவங்களுக்கு அது வசதி. கிள்ளிப்பாலம் வழி உள்ளே வரலாம், அதே வழியில் வெளியே போகலாம், எம்.ஜி. ரோட்டில் சக்கரம் வைக்க வேண்டியதில்லை.

---

கிள்ளிப்பாலம் எழுதியது:

சாலைக்கடை அண்ணன் சொன்னதுதான் விஷயத்தின் உயிர்நாடி. சாதாரண விளக்கு நாளுக்கும் ஊர்வல நாளுக்கும் ஒரே பார்க்கிங் கணக்கு சரிப்படாது.

ஊர்வல நாளுக்கு நான் சொல்வது பூஜப்புரை. கரமனையில் வலது பக்கம் திரும்பி, குஞ்சாலுமூடு வழி பூஜப்புரை. தம்பானூர் பக்கமே போக வேண்டாம். அங்கே மைதானம் இருக்கு. அங்கேயும் ஓண நிகழ்ச்சி நடப்பதால் ஒரு பகுதி மேடைக்குப் போகும், ஆகவே நாலு மணிக்குள் வந்தால் நல்லது. அங்கிருந்து ஜகதி, வழுதக்காடு, வெள்ளயம்பலம் சுமார் நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு மீட்டர் கணக்கு இது: முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15. நாலு கிலோமீட்டருக்கு 67 ரூபாய் 50 காசு. ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை பாதி கூடுதல், அப்போ 101 ரூபாய். ஓண நாளில் மீட்டர் போட மாட்டேன்பவரும் உண்டு. கணக்கு தெரிந்தால் பேரம் பேசவாவது வரும்.

இந்தப் பாதையில் எங்கேயும் ஊர்வல வழியைக் கடக்க வேண்டாம், அதுதான் இதன் சிறப்பு. வழுதக்காட்டுப் பக்கமிருந்து மானவீயம் வீதி வழியா நடந்தால் ஊர்வலம் புறப்படும் இடத்துக்கே போயிடலாம். வண்டிகள் அலங்காரம் குலையாமல், கலைஞர்கள் களைப்பில்லாமல் இருப்பது அங்கேதான். செண்டை மேளமும் அங்கேதான் சூடு. கிழக்கே கோட்டை வரும்போது பாதிப் பேர் தோள் மாற்றி நடப்பாங்க.

---

ஒற்றைத்தண்டவாளம் எழுதியது:

புறப்படும் இடத்தில் பார்த்தால் சீக்கிரம் முடியும், அதுவும் லாபம். கடைசி வண்டி வெள்ளயம்பலத்தைத் தாண்டும்போது முதல் வண்டி எங்கேயோ போயிருக்கும். ஊர்வலத்தின் வால் கிழக்கே கோட்டை சேருமுன் நீங்க பூஜப்புரையில் வண்டி எடுத்துக் கரமனை தாண்டிடலாம். இதை நான் ஒத்துக்கொள்றேன், கார்க் கட்சியின் யோசனையாக இருந்தாலும்.

---

வலியசாலை_மாமி எழுதியது:

எல்லாரும் தேதியைச் சொல்லலையே. ஊர்வலம் என்னைக்குன்னு நினைச்சிண்டு இருக்கேள்? 2023-ல் திருவோணம் ஆகஸ்ட் 29, ஊர்வலம் செப்டம்பர் 2. 2025-ல் திருவோணம் செப்டம்பர் 5, ஊர்வலம் 9. ரெண்டு தடவையும் திருவோணத்திலேர்ந்து நாலாம் நாள். அதே கணக்குன்னா இந்த வருஷம் ஆகஸ்ட் 30, ஞாயித்துக்கிழமை. ஆனா சுற்றுலாத் துறை அறிவிப்பு வந்தப்புறம்தான் நம்பணும். 2018-ல் வெள்ளத்துக்காகவும், 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்காகவும் அரசாங்கக் கொண்டாட்டத்தையே விட்டுட்டா. அதனால திரும்பக் கிடைக்காத முன்பணம் எதுக்கும் கட்டாதீங்கோ.

ஞாயிறா இருந்தா ரெண்டு விஷயம். ஆபீஸ் வண்டிகள் இருக்காது, அது நல்லது. வேலை நாளா இருந்தா மத்தியானம் மூணு மணிக்கு ஆபீஸ் விடறதும் ஊர்வலத்துக்கு ரோடு அடைக்கறதும் ஒண்ணா வந்து மோதும். ஆனா ஞாயிறுன்னா உங்க ஜில்லாவிலேர்ந்து வர கூட்டம் ரெண்டு மடங்கு. எது மேல்னு நீங்களே தீர்மானம் பண்ணிக்கோங்கோ.

இன்னொண்ணு, கையெடுத்துக் கேட்டுக்கறேன். வலியசாலை, கரமனை அக்ரஹாரத் தெருவில் "கொஞ்ச நேரம்தானே"ன்னு வீட்டு வாசல் முன்னாடி வண்டியை விட்டுட்டுப் போகாதீங்கோ. தெரு ஒடுக்கம். ஒரு கார் நின்னா ஆம்புலன்ஸ் திரும்பாது.

---

தக்கலை_ரெண்டுவண்டி எழுதியது:

மாமி, கண்டிப்பா விட மாட்டோம். பெரியவரை எந்த நாள் கூட்டிப் போகலாம்? ஊர்வலத்துக்கு அவரைக் கூட்டிப்போக எனக்கே வெப்ராளமா இருக்கு.

---

வலியசாலை_மாமி எழுதியது:

ஊர்வலத்துக்கு வேண்டாம். திருவோணத்தன்னைக்கே கூட்டிண்டு வாங்கோ. அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் ஆத்தில் சத்யை சாப்பிட்டுண்டு இருப்பா, ரோடு காலி. மூணரை, நாலு மணிக்கு வந்தா காரை கனகக்குன்னு வாசல் வரைக்கும் கொண்டு போய்ப் பெரியவரை இறக்கலாம். ஒருத்தர் மட்டும் வண்டியைத் திருப்பி எடுத்துண்டு போய் நிறுத்தட்டும். கனகக்குன்னு பேரிலேயே குன்னு இருக்கே, ஏத்தம் உண்டு. தள்ளறதுக்குத் தெம்பான ஆள் ரெண்டு பேர் வேணும். இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமா திருப்பி இறக்கணும், முன்பக்கமா இறக்கினா பெரியவர் முன்னாடி சரிஞ்சுடுவார்.

சத்யைக்கு ஹோட்டலை நம்பி வந்துடாதீங்கோ. திருவோணத்தன்னைக்கு நிறைய ஹோட்டல் மூடியிருக்கும், திறந்திருக்கற இடத்தில் முன்னாடியே பதிவு பண்ணினவாளுக்குத்தான் இலை. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கோ, இல்லேன்னா கட்டிண்டு வாங்கோ.

---

கிள்ளிப்பாலம் எழுதியது:

மாமி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. விளக்கை வண்டிக்குள் உட்கார்ந்தே பார்க்க ஆசைன்னா ஏழு முதல் ஒன்பதரை வரை அந்தப் பக்கமே போகக்கூடாது. வண்டி நகராது, கிளட்ச் மணம் மட்டும் வரும். கூட்டம் கலைந்த பிறகு, பத்தரைக்கு மேல், கவடியாரிலிருந்து தெற்கே பார்த்து ஒரே ஓட்டமாக ஓட்டுங்க. கவடியார், வெள்ளயம்பலம், மியூசியம், பாளையம், தலைமைச் செயலகம், ஓவர்பிரிட்ஜ். அப்படியே தம்பானூர் வழி கரமனை, வீடு. தெற்கே வருவதுதான் உங்களுக்கு ஊர்த் திசை, திரும்ப வேண்டிய வேலையே இல்லை.

நடந்து பார்க்கிறவங்க முழு ஆறு கிலோமீட்டரையும் நடக்கத் தேவையில்லை. வெள்ளயம்பலம் முதல் பாளையம் வரை சுமார் ரெண்டு கிலோமீட்டர். அழகான பகுதி அதுதான், மரங்களில் சரவிளக்கு, மியூசியம், சட்டமன்றக் கட்டடம் எல்லாம். புளிமூட்டுக்கு அப்புறம் கடை போர்டு வெளிச்சம்தான் கூடுதல்.

---

நெய்யூர்_பைக் எழுதியது:

எங்களுக்குக் கார் இல்லை, பைக்தான். பைக்குக்கும் இதே சட்டமா?

---

மார்த்தாண்டம்_மெக்கானிக் எழுதியது:

பைக்குக்கு இடம் கிடைக்கும் மக்கா, ஆனா பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேணும். 2023 ஜூன் முதல் கேரளம் முழுக்க 726 கேமரா. வெளிமாநில நம்பர் என்று விட்டு வைக்காது, சலான் வீட்டுக்கு வரும். மூணு பேர் ஏறினாலும் அப்படித்தான். காரில் முன் ரெண்டு பேருக்கும் சீட் பெல்ட்.

பைக்கை நிறுத்தும்போது மண் தரைன்னா சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான கல்லோ ஓட்டுத் துண்டோ வையுங்க. மழையில் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கி ஒரு பைக் சாய்ந்தால் வரிசையா பத்து சாயும். ஹெல்மெட்டை வண்டியில் மாட்டி விட்டுட்டுப் போகாதீங்க, மழை பெய்தால் உள்ளே உள்ள பஞ்சு குடித்துடும். அதைப் போட்டுத்தான் அறுபது கிலோமீட்டர் திரும்பணும்.

கார்க்காரங்களுக்கும் மழை விஷயம் சொல்லணும். தென்மேற்குப் பருவத்தின் வால் ஓணத்தில் அடிக்கும். சவத்து மழை சரியா ஆறு மணிக்குத்தான் வரும். தம்பானூர், எஸ்.எஸ். கோவில் ரோடு, பவர் ஹவுஸ் ரோடு, பழவங்காடி எல்லாம் பள்ளம். ஊர் நடுவில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு (கால்வாய்) நிரம்பினால் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் நிற்கும். அங்கே ஓரத்தில் வண்டி விட்டு, திரும்பி வரும்போது சக்கரத்தின் பாதிக்குத் தண்ணீர் நின்றால் ஸ்டார்ட் பண்ணாதீங்க, வடியட்டும். தண்ணிக்குள் ஓட்டும்போது நின்று போனாலும் மறுபடி சாவி திருகக் கூடாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியா தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், ஒரே திருகலில் கனெக்டிங் ராடு வளைந்துடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டு போய் ஆளை வரவழைக்கணும். செலவு எங்கே போய் நிற்கும்னு சொல்லவே வேண்டாம்.

மைதானச் சேற்றில் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். ரெண்டாம் கியர், பைய விடுங்க. அசையலைன்னா காலடி ரப்பர் மேட்டை ஓட்டும் சக்கரத்துக்கு முன்னால் சொருகுங்க. சின்னக் காரில் அது முன் சக்கரம். வழுவழுப்பான பக்கம் கீழே, கரடுமுரடான பக்கம் மேலே. அந்த ரப்பர் மேட்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது, பறந்து வந்து அடிக்கும்.

---

ஒற்றைத்தண்டவாளம் எழுதியது:

பாளையத்தில் மாநகராட்சி அலுவலகத்தில் அடுக்குப் பார்க்கிங் இருக்கே, இயந்திரம் தூக்கி வைக்கிறது. அதை யாரும் சொல்லலை?

---

கிள்ளிப்பாலம் எழுதியது:

சொல்லாததற்குக் காரணம் இருக்கு. சாதாரண நாளில் அது தங்கம். ஓண ராத்திரியில் வெளியே எடுப்பதுதான் பாடு. ஒரு வண்டியை இறக்க ரெண்டரை நிமிடம்னு வையுங்க. நிகழ்ச்சி முடிந்து முப்பது பேர் ஒண்ணா டோக்கனோட வந்தால் முப்பதாவது ஆளுக்கு 75 நிமிடம். உள்ளே விடும்போது வரிசை இல்லாததைப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே விட்டால் மற்றவங்களுக்கு அரை மணி முன்னால் கிளம்பிடுங்க.

மேலும், மேலே கேரியர் கட்டின வண்டி, உயரமான எஸ்யூவி எல்லாம் எல்லா அடுக்கிலும் நுழையாது. உயர அளவு வாசலில் எழுதியிருக்கும், பார்த்துட்டு உள்ளே விடுங்க. மருந்து, குடை, போன் சார்ஜர், குழந்தைப் பால் எல்லாத்தையும் முதலிலேயே எடுத்துடணும். மேலே ஏற்றின பிறகு "ஒரு நிமிஷம் கதவைத் திறக்கணும்" என்றால் நடக்காது. கண்ணாடியை மடக்கி, கைபிரேக் போட்டு, ஆள் யாரும் உள்ளே இல்லைன்னு பார்த்துத்தான் இறங்கணும். அது பாளையத்தின் நடுவிலேயே இருப்பதால் ஊர்வல நாளுக்கு ஆகவே ஆகாது.

---

பூவார்_ரோடு எழுதியது:

மேற்குப் பக்கக் கட்சியும் கொஞ்சம் பேசட்டும். பைபாஸில் வருகிறவங்க ஈஞ்சக்கலில் இறங்கிக் கோட்டைக்குள் நுழைவதுதான் வழக்கம். கூட்ட நாளில் அது வேண்டாம். இன்னும் வடக்கே போய்ச் சாக்கையில் திரும்புங்க. பேட்டை, பாட்டூர், ஜெனரல் ஆஸ்பத்திரி வழியா ஸ்டாச்சுவோ பாளையமோ. வண்டியைப் பேட்டைக்கும் பாட்டூருக்கும் நடுவில் கட்டணப் பார்க்கிங்கில் விட்டுட்டு மீதியை ஆட்டோவில் போங்க. ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு சக்கரத்தைக்கூட விடக்கூடாது. தூக்கிட்டுப் போனால் நியாயம்தான்.

இந்தப் பக்கத்தின் லாபம் திரும்பும்போது. சாக்கையில் பைபாஸ் ஏறினால் காரோடு வரை சிக்கலே இல்லை. நஷ்டம் என்னன்னா கிழக்குப் பக்கம் போல் மைதானங்கள் இல்லை, சின்னச் சின்ன இடம்தான். ரெண்டு காரும் சேர்ந்து நிற்க வாய்ப்பு குறைவு.

---

தக்கலை_ரெண்டுவண்டி எழுதியது:

ரெண்டு காரையும் கொண்டு வரணுமா என்றே இப்போ யோசனை. ஒரு வேன் வாடகைக்கு எடுத்தால்?

---

சாலைக்கடை எழுதியது:

ஒன்பது பேருக்கு வேன் நல்லதுதான். டிரைவர் வண்டியோடவே இருப்பார், எங்கேயாவது தள்ளிப்போய் நிற்பார், போன் பண்ணினால் வருவார். ஆனா தமிழ்நாட்டு மஞ்சள் போர்டு வண்டி எல்லை தாண்டினால் பெர்மிட்டும் வரியும் சரியா இருக்கணும். அதைக் களியக்காவிளையில் போய்க் கேட்காதீங்க, வாடகை பேசும்போதே வண்டிக்காரரிடம் கேட்டு, கட்டின ரசீதைப் பார்த்துடுங்க. வீல்சேர் மடங்கும் வகைதானா, பின் சீட்டுக்குப் பின்னால் இடம் உண்டா என்றும் அளந்து பாருங்க. பன்னிரண்டு சீட் வேனில் எல்லா சீட்டும் நிரம்பினால் சாமானுக்கு இடமே இருக்காது, ஒன்பது பேருக்குச் சரி.

---

ஒற்றைத்தண்டவாளம் எழுதியது:

இளவட்டங்கள் நாலு பேரை ரயிலில் அனுப்புங்க, ஒரு காரே போதும். ரயிலுக்கான விவரம்:

திரும்பி வரும் டிக்கெட்டைத் தம்பானூர் கவுண்டரில் வாங்க நிற்காதீங்க. போன் செயலியில் வாங்கலாம், ஆனா ஸ்டேஷனுக்குள் நின்று போட்டால் ஏற்காது. வெளியே, ரோட்டிலிருந்தே வாங்கணும். உள்ளே வந்துட்டீங்கன்னா சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணி வாங்கலாம். காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. 200 கிலோமீட்டருக்குள் உள்ள முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு மூணு மணி நேரத்துக்குள், அல்லது அடுத்து வரும் முதல் ரயிலில், பயணம் தொடங்கணும்.

கிழக்கே கோட்டையிலிருந்து வருகிறவங்க தம்பானூர் முன்வாசலுக்குச் சுற்ற வேண்டாம், பவர் ஹவுஸ் ரோட்டுப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கு. கூட்ட நாளில் பத்து நிமிடம் மிச்சம்.

நாகர்கோவில் தடத்தில் இரட்டைப் பாதை வேலை நடப்பதால் நடுவில் எதிர் ரயிலுக்காக நிறுத்துவாங்க. கால அட்டவணை நேரத்துக்கு அரை மணி கூட்டி வைத்துத்தான் வீட்டில் சொல்லணும். ராத்திரி கடைசி ரயில் எது என்பதை அன்னைக்குக் காலையில் ஒரு தடவை பாருங்க. தவறினால் எதிரிலேயே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டு, நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் பஸ் அங்கே. கிழக்கே கோட்டையில் நிற்கும் டவுன் பஸ்களை ஊர்வல நாளில் நம்பாதீங்க, நிற்கும் இடமே மாறும்.

---

வலியசாலை_மாமி எழுதியது:

பிரிஞ்சு போகறவா எங்கே சேரணும்னு முன்னாடியே பேசிக்கோங்கோ. ராத்திரி எட்டு மணிக்கு எம்.ஜி. ரோட்டில் போன் எடுக்காது, வாட்ஸ்அப் சுத்திண்டே இருக்கும். எஸ்.எம்.எஸ். சில நேரம் போகும். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசல், மேத்தன் மணிக் கடிகாரத்துக்குக் கீழேன்னு சொன்னா எல்லாரும் அங்கேதான் சொல்லியிருப்பா, கூட்டத்தில் தேடணும். ஸ்டாச்சுவில் மாதவராவ் சிலைக்குப் பக்கமும் அப்படித்தான். குறுக்குத் தெருவுக்குள்ளே ஐம்பது அடி தள்ளி ஒரு கடையை வெச்சுக்கோங்கோ. குழந்தேள் பாக்கெட்டில் ஒரு சீட்டில் ரெண்டு போன் நம்பர் எழுதி வெச்சுடுங்கோ.

---

கிள்ளிப்பாலம் எழுதியது:

மைதானத்தில் விடும்போது கடைசியா சில விஷயம். பின்னால் எடுத்து, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்க. திரும்பும்போது இருட்டில், கூட்டத்துக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பது ஆபத்து. எந்த வாசலில் நுழைந்தீங்கன்னு போட்டோ எடுங்க. அங்கே நிற்பதில் பாதி வெள்ளைக் கார், நம்பரைத் தேடி நடப்பது பெரும்பாடு. போன் மேப்பில் குறி வைப்பதும் நல்லது, ஆனா அது வாசலைச் சொல்லாது. கண்ணாடிக்குப் பின்னால் போன் நம்பர் எழுதின காகிதம் வையுங்க, உங்க வண்டி யார் வழியையாவது மறித்தால் கூப்பிடுவாங்க. காசு கட்டினால் ரசீது கேளுங்க. ரசீது தராமல் கை நீட்டுபவர் ராத்திரி பத்து மணிக்கு அங்கே இருக்க மாட்டார்.

எம்.ஜி. ரோட்டு ஓரத்தில் ஒரு இடம் காலியா தெரிந்தால், அது காலியா இருப்பதற்குக் காரணம் இருக்கும்னு நினைத்துத் தாண்டிப் போங்க.

அந்தந்த வருஷப் பார்க்கிங் மைதானங்களின் பட்டியலை நகரப் போலீஸ் ஊர்வலத்துக்கு முன்னால் வெளியிடும். மலையாளப் பத்திரிகைகளின் நகரப் பக்கத்தில் வரும். அதில் பூஜப்புரை இல்லைன்னா வழுதக்காட்டுப் பக்கம் எது இருக்குன்னு பாருங்க. கிழக்குப் பக்கமாக இருந்தால் சரி.

---

தக்கலை_ரெண்டுவண்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்: திருவோணத்தன்னைக்கு ஒரு கார், பெரியவரும் நாலு பேரும், மூணு மணிக்குப் பாலராமபுரம் தாண்டுவது. ஊர்வல நாளில் நாலு பேர் மட்டும், குழித்துறையிலிருந்து ரயில், தம்பானூரிலிருந்து தைக்காடு வழி வழுதக்காட்டுக்கு நடை. இதில் தப்பு உண்டா?

---

சாலைக்கடை எழுதியது:

தப்பில்லை. தம்பானூரிலிருந்து வழுதக்காடு கொஞ்சம் ஏற்றம்தான், ரெண்டு மணிக்கே இறங்கிடுங்க. சாயா குடிக்கிறதுன்னா தைக்காட்டிலேயே குடித்துடணும், வெள்ளயம்பலம் போனால் வரிசை.

---

மார்த்தாண்டம்_மெக்கானிக் எழுதியது:

திருவோணத்துக்கு எடுக்கும் காரின் வைப்பர் ரப்பரை இந்த வாரமே மாற்றுங்க. வெயிலில் காய்ந்த ரப்பர் கோடு போடும். எதிரே வரும் ஹெட்லைட்டும் சரவிளக்கும் அந்தக் கோட்டில் பட்டால் ராத்திரி மழையில் பாலராமபுரம் முக்கே தெரியாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கான்னும் பாருங்க, அதை யாரும் பார்ப்பதில்லை.